தெரிந்ததற்கே உறுதிமொழி

சுய உறுதிமொழி என்பது ஒருவர் தன்னைப் பற்றிய விவரங்களைத் தானே கூறி, அவை உண்மை என்று தானே பொறுப்பேற்பது. சாட்சி கிடையாது, மேலதிகாரியின் முத்திரை கிடையாது. சொன்னது பொய் என்று பின்னர் தெரிந்தால் விளைவு அவரையே சேரும். தரவுப் பகிர்வு அமைப்பு எதில் சேர்வதானாலும் இன்று முதலில் நீட்டப்படுவது இந்த உறுதிமொழிதான். தமிழ்நாட்டு உழவர்களிடம் அது பெரிய அளவில் வந்து சேர்ந்தது 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் பதிவு தொடங்கியபோது. பரமத்தி வேலூர் வட்டத்தில் காவிரிக் கரையோர வாழைத் தோட்டக்காரரும், கபிலர்மலைப் பக்கத்து மேட்டாங்காட்டு உழவரும், பொத்தனூர், பாண்டமங்கலம் வெற்றிலைக் கொடிக்கால்காரரும் பட்டா, ஆதார் அட்டை, கைபேசி மூன்றையும் எடுத்துக்கொண்டு முகாமுக்கும் பொதுச் சேவை மையத்துக்கும் போக வேண்டியிருந்தது.

உறுதிமொழியை மக்களிடமே விடுவது நல்ல மாற்றம். மதிப்பெண் பட்டியலின் நகலில் பச்சை மையில் சான்றொப்பம் வாங்க அரசு அதிகாரியின் வீட்டு வாசலில் காத்துக் கிடந்த தலைமுறை இன்னும் நடுவயதில்தான் இருக்கிறது. 2014 முதல் மத்திய அரசு சுய சான்றொப்பத்தை வலியுறுத்தத் தொடங்கியபின் அந்தக் காத்திருப்பு பெருமளவு குறைந்தது. 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் சுயசான்று அளித்து இணையவழியில் உடனே அனுமதி பெறலாம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. குடிமக்களின் சொல்லை அரசு நம்புகிறது என்பதே இவற்றின் அடிப்படை. அந்த நம்பிக்கை வளர வேண்டியது. ஆனால் எதற்கு உறுதி கேட்கலாம், எதற்குக் கேட்கக் கூடாது என்ற எல்லையை வகுக்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே கையொப்பம் வாங்கும்போது, நம்பிக்கையாகத் தொடங்கியது சுமையாகிவிடுகிறது.

இந்த எண்ணை வழங்கும் உழவர் பதிவேடு தனியாக நிற்கும் திட்டமன்று. 2024 செப்டம்பர் 2 அன்று மத்திய அமைச்சரவை ரூ.2,817 கோடி மதிப்பில் டிஜிட்டல் வேளாண் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன் அடித்தளம் 'அக்ரிஸ்டாக்' எனப்படும் தரவுக் கட்டமைப்பு. உழவர் பதிவேடு, புவிக்குறியீட்டுடன் கூடிய கிராம வரைபடம், எந்த வயலில் எந்தப் பயிர் என்ற சாகுபடிப் பதிவேடு ஆகிய மூன்றையும் இணைப்பது அதன் நோக்கம். 11 கோடி உழவர்களுக்கு எண் வழங்குவது மூன்றாண்டு இலக்கு. மானியம், பயிர்க் கடன், காப்பீடு, கொள்முதல் ஆகியவற்றை நடத்தும் துறைகளும் வங்கிகளும் இந்த எண்ணை வைத்து ஒருவரின் நிலத்தையும் பயிரையும் அறிந்துகொள்ள முடியும். ஒவ்வொரு அலுவலகத்திலும் சிட்டா நகலையும் அடங்கலையும் நீட்ட வேண்டிய தேவை குறையும் என்பது உழவருக்குக் கிடைக்கும் லாபம். சிறிய லாபமன்று அது. ஒரு பயிர்க் கடனுக்காக நாமக்கல்லுக்கும் பரமத்தி வேலூருக்கும் கிராம நிர்வாக அலுவலகத்துக்கும் மாறி மாறி நடந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பதிவு நடக்கும் விதம் எளியது. ஆதார் எண்ணைச் சொன்னதும் அத்துடன் இணைந்த கைபேசிக்கு ஓடிபி வரும். அதைச் சொன்னால் பெயர், பிறந்த தேதி, முகவரி திரையில் விழும். அடுத்து வருவாய்க் கிராமமும் புல எண்ணும் தேர்ந்தெடுக்கப்படும். வருவாய்த் துறையின் நில ஆவணத்தில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒத்துப்போகின்றனவா என்று கணினி பார்க்கும். கடைசியில் விவரங்கள் சரியானவை, அவற்றைப் பயன்படுத்தவும் பகிரவும் சம்மதம் என்ற உறுதிமொழி. அதன் கீழ் மற்றொரு ஓடிபி வழியாக மின் கையொப்பம். வரிசை நீளமாக இருக்கும் நாளில் மைய ஊழியர் உறுதிமொழியைப் படித்துக் காட்டுவதற்கு நேரமிருக்காது. "ஓடிபி வந்துச்சுங்களா, சொல்லுங்க" என்பதோடு சட்டப்படியான ஒரு கையொப்பம் முடிந்துவிடும்.

அந்த ஒற்றைக் கையொப்பத்துக்குள் மூன்று வேறுபட்ட கூற்றுகள் அடங்கியிருக்கின்றன. இவரே இன்னார், இவர் உழவு செய்பவர் என்பது முதற்கூற்று. இது அவருக்கு ஐயமறத் தெரிந்தது. இன்ன புல எண்ணில், இன்ன உட்பிரிவில், இத்தனை ஏர்ஸ் நிலம் இவருக்கு உண்டு என்பது இரண்டாவது. இது அவர் மனத்தில் இருப்பதன்று, வட்டாட்சியர் அலுவலகக் கணினியில் இருப்பது. இந்த விவரங்கள் பின்னாளில் யாருக்கு, எதற்கு, எவ்வளவு காலம் போனாலும் சம்மதம் என்பது மூன்றாவது. இது அவருக்கும் தெரியாது. வாங்கி வைக்கும் அலுவலருக்கும் பெரும்பாலும் தெரியாது. முதற்கூற்றுக்கு உறுதிமொழி கேட்பது முறை. இரண்டாவதற்குக் கேட்பது இடம் மாறிய பொறுப்பு. மூன்றாவதற்குக் கேட்பது வெற்றுத்தாளில் கையொப்பம் வாங்குவதற்கு நிகர்.

இரண்டாவது கூற்றின் சிக்கல் தமிழ்நாட்டு நில ஆவணங்களைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். இன்று கணினியில் இருக்கும் பட்டாக்களின் மூலம் பெரும்பாலும் 1980-களில் நடந்த யுடிஆர் எனப்படும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம். அப்போது பெயர் மாறிப் பதிவானவை, பரப்பு கூடியோ குறைந்தோ எழுதப்பட்டவை, பக்கத்துக் காட்டுக்காரரின் உட்பிரிவோடு கலந்துபோனவை என எத்தனையோ பிழைகள் நாற்பது ஆண்டுகளாகத் திருத்தப்படாமல் கிடக்கின்றன. யுடிஆர் திருத்தம் கேட்டுக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடப்பது கொங்கு நாட்டுக் குடும்பங்கள் பலவற்றின் நெடுங்கால வேலை. அரசு எழுதிய பிழையை அரசே திரையில் காட்டி, 'இது சரி' என்று உழவரைக் கையொப்பமிடச் சொல்வதில் நியாயமில்லை. கையொப்பமிட்டால் பிழையை ஒப்புக்கொண்டதாகும். மறுத்தால் எண் கிடைக்காது.

கூட்டுப் பட்டாவில் இது இன்னும் சிக்கலாகிறது. தாத்தா பெயரில் இருந்த நான்கு ஏக்கர், மகன்களுக்கும் பேரன்களுக்கும் வாய்மொழியாகப் பாகம் பிரிந்து, வரப்பு போட்டு, ஆளுக்கொரு மோட்டாரும் வைத்து முப்பது ஆண்டு ஆகியிருக்கும். பட்டாவில் எல்லோர் பெயரும் ஒன்றாக நிற்கும். யாருக்கு எவ்வளவு என்பது இருக்காது. சில இடங்களில் தாத்தா பெயர் மட்டுமே நிற்கும். அந்த நிலத்தில் வாழை போட்டவர் எந்தப் பரப்புக்கு உறுதி கூறுவது? முழுப் பரப்பையும் கூறினால் பங்காளியின் நிலத்தைத் தன்னுடையது என்று அறிவித்ததாகிவிடும். தன் பாகத்தை மட்டும் கூற ஆவணத்தில் இடமில்லை.

பெயரும் லேசான விஷயமன்று. தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் என்ற வழக்கம் பெரும்பாலும் இல்லை, தலைப்பெழுத்துத்தான் உண்டு. ஆதாரில் தலைப்பெழுத்து பின்னால் நிற்கும், பட்டாவில் தந்தை பெயர் தனி வரியில் நிற்கும், வங்கிப் புத்தகத்தில் முன்னால் நிற்கும். பழனிசாமிக் கவுண்டர் என்று பழைய பட்டாவில் இருப்பவர் ஆதாரில் பழனிச்சாமி ஆகியிருப்பார். ஒற்று மிகுந்ததும் கவுண்டர் போனதும் ஊருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. வடநாட்டுப் பெயர் முறையை மனத்தில் வைத்து எழுதப்பட்ட ஒப்பீட்டு விதி, இங்கே உண்மையான ஒருவரையே சந்தேகத்துக்கு உரியவராக்கிவிடுகிறது. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்பது உழவருக்கு நன்றாகத் தெரிந்த செய்தி. சுய உறுதிமொழி உண்மையிலேயே பயன்பட வேண்டிய இடம் இதுதான். இந்த இடத்திலோ அவர் சொல்லைவிடக் கணினியின் ஒப்பீடே பெரிதாகிவிடுகிறது.

சுய உறுதிமொழியை அளவுக்கு மீறி நம்பினால் என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடு கண்டிருக்கிறது. 2019 பிப்ரவரி 24 அன்று தொடங்கப்பட்ட பி.எம்.கிசான் திட்டம் ஆண்டுக்கு ரூ.6,000-ஐ மூன்று தவணையாக உழவர் குடும்பங்களுக்கு வழங்குகிறது. வருமான வரி செலுத்துவோர், மாதம் ரூ.10,000 அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் பெறுவோர், தொழில்புரியும் மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் போன்றோருக்கு அதில் இடமில்லை. இவ்விலக்குகளில் தாம் வரவில்லை என்று விண்ணப்பதாரரே உறுதிமொழி அளிக்க வேண்டும். பொய்யானால் பணத்தைத் திருப்பிச் செலுத்த வேண்டும். உறுதிமொழியின் வாசகத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் 2020-இல், கொரோனா காலத்தில், இணையவழியில் தாமே பதிவு செய்துகொள்ளும் வசதியைப் பயன்படுத்தி, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், சேலம் உள்ளிட்ட மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் சேர்க்கப்பட்டனர். துறை அலுவலர்களுக்குரிய கடவுச்சொற்கள் இடைத்தரகர்களின் கைக்குப் போயிருந்தன. ரூ.110 கோடி அளவுக்கு முறைகேடு நடந்ததாக மாநில அரசே அறிவித்தது. சிபிசிஐடி விசாரித்தது, ஒப்பந்த ஊழியர்கள் நீக்கப்பட்டனர், கணக்குகளிலிருந்து பணம் திரும்ப எடுக்கப்பட்டது.

அந்த நிகழ்வை மக்கள் பொய் சொன்னார்கள் என்று சுருக்கிவிடுவது தவறு. தங்கள் பெயரில் என்ன உறுதிமொழி பதிவானது என்பதே சேர்க்கப்பட்டவர்கள் பலருக்குத் தெரியாது. 'கொரோனா நிவாரணம் வருது, ஆதாரும் பாஸ்புக்கும் கொடுங்க' என்று கேட்டு வாங்கியவர்கள் தட்டச்சு செய்தார்கள். கையொப்பம் ஒருவருடையது, சொற்கள் மற்றொருவருடையவை. உறுதிமொழி அளிப்பவரே அதன் வாசகத்தைப் படிக்கவோ கேட்கவோ செய்யாதவரை அது உறுதிமொழியே ஆகாது. ஐந்தாண்டு கழித்து வந்த உழவர் பதிவேடு இதிலிருந்து கற்ற பாடம், நில ஆவணத்தையும் ஆதாரையும் இறுக்கிக் கட்டுவது. கற்காத பாடம், உறுதிமொழியைத் தமிழில் உரக்கப் படித்துக் காட்டுவது.

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முதன்மையான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. சம்மதம் என்பது கட்டாயமின்றி, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, விவரம் அறிந்து, ஐயத்துக்கு இடமின்றித் தரப்பட வேண்டும் என்கிறது அதன் 6-ஆம் பிரிவு. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ பெறும் வாய்ப்பு தரவுக்குரியவருக்கு உண்டு. தமிழில் கேட்பது சலுகையன்று, உரிமை. சம்மதத்தைக் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும்.

இச்சட்டத்தில் பலர் கவனிக்காத பகுதி 15-ஆம் பிரிவு. அது தரவு தருபவரின் கடமைகளைப் பட்டியலிடுகிறது. ஆள்மாறாட்டம் செய்யக் கூடாது; அரசு வழங்கும் அடையாள ஆவணத்துக்காக விவரம் தரும்போது முக்கியமானவற்றை மறைக்கக் கூடாது; மீறினால் ரூ.10,000 வரை தண்டத் தொகை விதிக்கலாம். தரவை வாங்கி வைப்பவர் பாதுகாக்கத் தவறினால் ரூ.250 கோடி வரை தண்டம் என்று மறுபக்கத்திலும் எழுதியிருக்கிறது. எண்ணளவில் இது சமமாகவும் அதற்கு மேலாகவும் தோன்றும். ஆனால் 7-ஆம் பிரிவு, மானியமும் நலத்திட்டமும் வழங்குவதற்காக அரசு தரவைக் கையாளும்போது பல சூழல்களில் தனிச் சம்மதம் தேவையில்லை என்று விலக்கும் தருகிறது. அடுத்த தவணை பி.எம்.கிசான் பணம் வேண்டுமானால் உழவர் அடையாள எண் அவசியம் என்று அறிவித்தபின் ஓடிபி-யைச் சொல்லும் உழவரின் சம்மதத்தைக் கட்டாயமற்றது என்று அழைப்பது கடினம். அரசு தன் கடமைக்குத் தரவு தேவை என்றால் அதை நேராகச் சொல்லிச் சட்டப்படி வாங்கட்டும். சம்மதம் என்ற சொல்லை அதன்மேல் போர்த்த வேண்டியதில்லை.

நோக்கத்தை எழுதிச் சம்மதம் வாங்குவது நடைமுறையில் இயலாது என்று சொல்ல முடியாது. நாட்டின் வங்கித் துறையிலேயே அதற்கு முன்மாதிரி இருக்கிறது. 2016-இல் ரிசர்வ் வங்கி விதி வகுத்து, 2021 செப்டம்பரில் வங்கிகள் இணைந்த 'அக்கவுன்ட் அக்ரிகேட்டர்' ஏற்பாட்டில், ஒருவரின் கணக்கு விவரத்தை ஒரு வங்கி மற்றொன்றுக்குத் தர வேண்டுமானால் சம்மதப் படிவத்தில் எந்த விவரம், எதற்காக, எத்தனை நாளைக்கு, எத்தனை முறை என்பதெல்லாம் எழுதப்பட வேண்டும். வேண்டாம் என்றால் திரும்பப் பெறலாம். இடையில் நிற்கும் நிறுவனத்துக்குத் தரவைத் திறந்து பார்க்கும் உரிமை கிடையாது. நகரத்தில் வீட்டுக் கடன் கேட்பவருக்கு இந்தத் துல்லியம் கிடைக்கும்போது, மோகனூர் வாய்க்கால் பாசனத்தில் கரும்பு போடுபவருக்கும் அது கிடைக்க வேண்டும்.

உழவரின் தரவு யாருக்குத் தேவைப்படுகிறது என்பதும் ஊகமன்று. 2021-இல் மத்திய வேளாண் அமைச்சகம் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துடன் 6 மாநிலங்களின் 100 கிராமங்களில் மாதிரித் திட்டத்துக்கு உடன்படிக்கை செய்தது. வேறு சில பெருநிறுவனங்களுடனும் உடன்படிக்கைகள் வந்தன. உழவர்களைக் கேட்காமல் அவர்கள் விவரங்கள் கைமாறக் கூடாது என்று 55 அமைப்புகள் அமைச்சகத்துக்கு எழுதின. எந்த வட்டத்தில் எவ்வளவு வாழை எந்த மாதம் வெட்டுக்கு வரும் என்பது முன்கூட்டியே தெரிந்த வியாபாரிக்கும், அது தெரியாத உழவருக்கும் இடையே பரமத்தி வேலூர் வாழைத்தார் ஏலத்தில் விலை எப்படிப் படியும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பூவன் தாரோ ரஸ்தாளித் தாரோ ஒரு நாள் தாமதித்தாலே பழுத்து விலை இறங்கும் சரக்கு.

அமெரிக்காவில் 2014-இல் உழவர் சங்கக் கூட்டமைப்பும் டிராக்டர், விதை நிறுவனங்களும் கூடி, வயலில் உருவாகும் தரவு உழவருக்கே உரியது என்ற கோட்பாடுகளில் கையொப்பமிட்டன. 2018-இல் ஐரோப்பிய உழவர் அமைப்புகளும் தொழில்துறையும் அதுபோன்ற நடத்தை நெறியை வெளியிட்டன. அவற்றுக்குச் சட்ட வலு குறைவுதான். ஆனாலும் அங்கே உறுதிமொழி அளித்தது தரவை வாங்குபவர். இங்கே படிவத்தின் அடியில் ஒரு கையொப்பத்துக்கு மட்டும் இடம் இருக்கிறது. 'இந்த விவரத்தைக் கடன், காப்பீடு, மானியம் தவிர வேறெதற்கும் பயன்படுத்த மாட்டோம். யாருக்குக் கொடுத்தாலும் உங்கள் கைபேசிக்குத் தமிழில் தகவல் வரும். பிழை இருந்தால் இத்தனை நாளில் திருத்துவோம்' என்று வாங்கும் துறையின் உறுதிமொழி அதே தாளில் அச்சாகி, அதன் நகல் உழவர் கையில் இருக்க வேண்டும். இரு தரப்பும் ஒப்பமிட்டால்தான் அது உடன்படிக்கை.

உழவரின் சொல்லை முறையாகப் பயன்படுத்திய முன்மாதிரியும் நாட்டில் உண்டு. மகாராஷ்டிரத்தில் 2021 ஆகஸ்ட் 15 முதல் 'இ-பீக் பாஹணி' செயலி வழியாக, தன் வயலில் என்ன பயிர் என்பதை உழவரே புகைப்படத்துடன் பதிகிறார். கிராமக் கணக்கர் ஒரு பகுதியை மட்டும் சோதித்துப் பார்க்கிறார். தமிழ்நாட்டில் 2024 இறுதியில் இதே வேலைக்குக் கிராம நிர்வாக அலுவலர்கள் மறுத்ததால், வேளாண் கல்லூரி மாணவர்கள் வயல்வயலாக அனுப்பப்பட்டார்கள். பயிரை வைத்தவருக்குத் தெரிந்ததை ஊர் தெரியாத மாணவரிடம் கேட்டார்கள். வட்டாட்சியருக்குத் தெரிந்ததைப் பயிர் வைத்தவரிடம் கேட்கிறார்கள். இந்தக் குறுக்குமாற்றை நேர்செய்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

எஞ்சிய பாதி, வாசலுக்கே வர முடியாதவர்களுடையது. பதிவேடு பட்டாவிலிருந்து தொடங்குவதால், பட்டா இல்லாமல் பயிர் செய்பவர் அதில் சேர வழியில்லாமல் நிற்கிறார். பரமத்தி வேலூர்ப் பகுதியில் இது சிறு கூட்டமன்று. ஜேடர்பாளையம் படுகை அணையிலிருந்து பிரியும் ராஜா வாய்க்கால் பாசனத்தில் குத்தகைக்கு நிலம் பிடித்து, அகத்தி நட்டு, அதில் வெற்றிலைக் கொடி ஏற்றிப் பிழைப்பவர்கள் பலர். கொடிக்கால் என்பது வருடக் கணக்கில் நிற்கும் பயிர், ஆள்கூலியும் முதலீடும் அதிகம். வெள்ளமோ வாடல் நோயோ வந்தால் இழப்பு முழுவதும் குத்தகைக்காரருடையது. ஏட்டில் உழவர் என்று இருப்பவரோ நாமக்கல்லிலோ கோவையிலோ வேறு தொழிலில் இருக்கும் நில உரிமையாளர். நிவாரணம் வந்தால் அவர் எண்ணுக்கே வரும். குத்தகைக்காரர் அளிக்கக்கூடிய மிக உண்மையான உறுதிமொழி, 'இந்த வயலில் இந்தக் கொடியை வைத்தவர் நான்' என்பது. அதைப் பெற்றுக்கொள்ளப் படிவத்தில் கட்டமில்லை.

உரிமையாளரின் அச்சம்தான் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. 1955-இன் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் 1969-இன் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் இருக்கும் மாநிலத்தில், குத்தகையை எழுத்தில் கொண்டுவந்தால் நிலமே கைவிட்டுப் போகும் என்று நினைப்பவர்கள் உண்டு. அதனால் வாய்மொழியே நீடிக்கிறது. ஆந்திரப் பிரதேசம் இதில் இரண்டு வழிகளை முயன்றது. 2011-இல் கொண்டுவந்த சட்டம் உரிமையாளர் கையொப்பம் இல்லாமலே சாகுபடி செய்பவருக்குக் கடன் தகுதி அட்டை வழங்கியது. 2019-இன் சட்டம் 11 மாத உடன்படிக்கையையும் உரிமையாளர் ஒப்பத்தையும் கேட்டது. உரிமையாளரின் உடைமைக்குக் கேடில்லை என்று அதில் தெளிவாக எழுதியிருந்தும், ஒப்பமிடப் பலர் முன்வரவில்லை, அட்டை கிடைக்காதவர்கள் பெருகினர். தமிழ்நாட்டுக்குப் பொருந்துவது முதல் வழிக்கு நெருங்கியது: பயிர் வைத்தவர் தன் சாகுபடிக்கு மட்டும் உறுதி கூறுவது, அது நிலத்தின்மேல் எந்த உரிமையையும் தராது என்று அதே வரியில் எழுதுவது, அடுத்த காட்டுக்காரர் இருவர் ஒப்பமிடுவது, கிராம நிர்வாக அலுவலர் வயலைப் பார்த்து அடங்கலில் ஏற்றுவது, பயிர் அழிக்கப்படும் நாளில் பதிவும் முடிவது. நிலத்தின் பரப்புக்கும் பட்டாவின் பெயருக்கும் வருவாய்த் துறை பதில் சொல்லும். கொடிக்கு மட்டும் கொடிக்கால்காரர் பதில் சொல்வார்.